டீச்சர் காரில் நான் விட்டுவந்த வயர்

மார்ச் 4, செவ்வாய்

இன்று பத்துக் கணக்கில் எட்டு சரி. நல்லதாக எழுத அது ஒன்றுதான் இருக்கிறது.

போர்வைக்குள் டார்ச்சைக் கவ்விக்கொண்டு எழுதுகிறேன். அம்மா இன்னும் அடுப்படியில் புழங்குகிறாள். காலடி கேட்டால் வரலாற்றுப் புத்தகத்தை மேலே இழுத்துக்கொள்ள வேண்டும். நடந்ததை வரிசையாக எழுதினால் மனசு ஒருவேளை அடங்கும்.

எங்கள் கணக்கு டீச்சரின் கார் நேற்று மாலை எங்கள் ஷெட்டுக்கு வந்தது. காலையில் ஏசி நன்றாக இருக்கிறதாம். மதியம் பள்ளி விட்டுப் போகும்போது விட்டுவிட்டு நின்றுபோகிறதாம். அப்பாவும் சித்தப்பாவும் பார்ப்பது கார் ஏசி வேலை மட்டும்தான். கீழே ஷெட், மேலே நாங்கள், ஷெட்டுக்குப் பின்னால் ஓர் அறையில் சித்தப்பாவும் சித்தியும். காலையில் சித்தப்பா ஃப்யூஸ் பார்த்தார், ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்த்தார், துருப்பிடித்த எர்த் வயர் முனை ஒன்றைத் தேய்த்துச் சுத்தம் செய்தார். ஏசி ஜில்லென்று ஓடியது. ஓடுகிற ஏசியில் எந்தக் கோளாறைத் தேடுவது? அப்பா வரட்டும் என்று விட்டுவிட்டார்.

நான் பள்ளியிலிருந்து வந்தபோது மூன்றரை மணி. ஷெட்டின் தகரம் கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா ஏசிக்கான கேஸ் சிலிண்டர் வாங்கப் போயிருந்தார். சித்தப்பா பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாவி பலகையில் தொங்கியது.

பெரிய பரீட்சை முடியும்வரை ஷெட்டில் கால் வைக்கக் கூடாது என்று அப்பா சொல்லி ஒரு மாதம் ஆகிறது. "இன்னொரு தடவ உன்ன மீட்டரும் கையுமா பார்த்தேன், நேரா பெரியம்மா வீடுதான். அங்க உக்காந்து படி." பெரியம்மா வீட்டில் டிவிக்குக்கூட உறை போட்டு, உறைக்கு மேலே ஒரு துண்டும் போட்டு வைத்திருப்பார்கள்.

தெரிந்தும் போனேன். ஏன் போனேன்? கோளாறு மதியம்தான் வருகிறது என்று டீச்சர் சொன்னாரே, அதை யாரும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. நான் வாங்கினேன் என்று காட்டத்தான்.

எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டேன். பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு டக் என்று கம்ப்ரஸரின் கிளட்ச் விட்டுவிட்டது. காற்று வெதுவெதுப்பானது. கரண்ட் அளக்கும் மீட்டரை வைத்துக்கொண்டு கம்பி கம்பியாகப் பின்னால் போனேன். கிளட்சுக்குக் கரண்ட் இல்லை. ரிலேக்கும் இல்லை. கடைசியில் பிரஷர் சுவிட்ச். ஒரு பக்கம் கரண்ட் வருகிறது, மறுபக்கம் போகவில்லை.

கேஸின் அழுத்தம் அளவு மீறினால் கம்ப்ரஸரை நிறுத்துவதற்கென்றே இருக்கிற சுவிட்ச் அது. செத்துவிட்டது என்று முடிவு கட்டினேன். பிளக்கைக் கழற்றி அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, வேறெதிலும் படாமல் இருக்கக் கறுப்பு டேப் சுற்றினேன். இதைத்தான் ஷெட்டில் 'டைரக்ட்' என்பார்கள். டக். குளிர்ந்த காற்று. எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

டைரக்ட் போடுவதற்கு ஒரு வழக்கம் உண்டு. யார் போட்டாலும், வண்டியை விட்டு நகரும்போது அதன் சாவியைக் கயிற்றில் கோத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். வயரைக் கழற்றிய பிறகுதான் சாவி பலகைக்குப் போகும். சோதனைக்குப் போட்ட வயர் வண்டியோடு தெருவுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. கழுத்தில் சாவியோடு அப்பா ஒரு கல்யாண வீட்டுக்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்.

நான் எப்படி மாட்டிக்கொள்வேன்? தெருமுனையில் அப்பாவின் பைக் சத்தம். எஞ்சினை அணைத்து, பானெட்டை மூடி, சாவியைப் பலகையில் மாட்டிவிட்டு மாடிக்கு ஓடினேன். பலகையில் சாவி இருந்தால் வண்டியில் டைரக்ட் எதுவும் இல்லை என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாதா?

இருட்டியதும் இறங்கிக் கழற்றிவிடலாம் என்று இருந்தேன். ஆறு மணிக்கே டீச்சர் வந்துவிட்டார். அப்பா ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார், ஜில்லென்று இருந்தது. அம்மாதான் சாவியை எடுத்துக் கொடுத்தாள். மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். டீச்சரின் சின்னப் பெண் பின் சீட்டில் ஏறிக்கொண்டு எனக்குக் கை ஆட்டியது.

நானும் ஆட்டினேன்.

மார்ச் 5, புதன்

டீச்சர்கள் கார் நிறுத்தும் இடம் எங்கள் வகுப்பு ஜன்னலுக்கு நேர் கீழே. இத்தனை நாள் அது என் கண்ணில் பட்டதே இல்லை. இன்று ஆறு பீரியடும் அதைத்தான் பார்த்தேன்.

கணக்கு வகுப்பு முடிந்ததும் டீச்சர் என்னைக் கூப்பிட்டார். "நேத்து வழி பூரா என் பொண்ணு ஸ்வெட்டர் குடு ஸ்வெட்டர் குடுன்னு ஒரே பிடிவாதம். உங்க ஷெட்டுல யாரு பார்த்தது?"

"சித்தப்பா."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. டீச்சர் மாலையில் ஷெட்டுக்குப் போன் செய்து சித்தப்பாவைப் பாராட்டினாராம். சாப்பிடும்போது அப்பா கேட்டார், "எர்த்த தேய்ச்சதுலயேவா சரியாச்சு?"

"சில நேரம் சின்ன விஷயம்தாண்ணே ஆட்டி வெக்கும்."

"ம்." அப்பா ஒரு 'ம்' போட்டால் அது மற்றவர்கள் கை தட்டுவதற்குச் சமம். சித்தப்பா என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார். "என்ன மீட்டர், இன்னைக்கு சோறு இறங்கலையா?" என்னை அவர் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சித்தப்பா ஒரு டைரக்டைக் கழற்ற மறந்து வண்டியை அனுப்பிவிட்டார். கம்ப்ரஸர் இறுகிப் போனது. சாவியைக் கழுத்தில் மாட்டும் வழக்கமே அதற்குப் பிறகு வந்ததுதான். அன்றிலிருந்து அவர் முடித்த ஒவ்வொரு வேலையையும் அப்பா ஒரு தடவை ஓட்டிப் பார்க்காமல் அனுப்புவதில்லை.

மார்ச் 6, வியாழன்

ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாமலேயே போய்விடுமோ?

மார்ச் 7, வெள்ளி

மதிய இடைவேளையில் காரிடம் போனேன். பானெட்டைத் திறக்கும் பிடி காருக்குள்ளே இருக்கிறது, கதவோ பூட்டியிருக்கிறது. எதிர்ப்பக்கக் கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருந்தது. கையை விட்டால் எட்டுமா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது வாட்ச்மேன் வந்துவிட்டார்.

"என்னம்மா, டீச்சர் கார்ல என்ன தேடற?"

"பேனா உருண்டு கீழ போயிடுச்சுண்ணா."

அவர் நிஜமாகவே குனிந்து, முட்டி போட்டு, காருக்கு அடியில் பார்த்தார். வயசான மனுஷர். எழுந்துகொள்ள என் தோளைப் பிடித்தார். "ஒண்ணுமில்லியேம்மா" என்று தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எனக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பேனாவால்தான் இதை எழுதுகிறேன். இதைவிட அவர் என்னை அடித்திருக்கலாம்.

மார்ச் 9, ஞாயிறு

அப்பா இன்று எல்லார் முன்னாலும் சித்தப்பாவிடம் சொன்னார். "இனிமே எலக்ட்ரிக் வேலையெல்லாம் நீயே பாத்துக்கோடா. நான் வந்து நோண்ட மாட்டேன்."

சித்தப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்திதான் சிரித்தாள். அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள், பிறகு பார்த்தால் அழுகிறாள். "என்னக்கா பண்றது, ரெண்டு வருஷமா இந்த மனுஷன் வீட்டுக்குள்ள தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுத்தான் நடக்கறாரு" என்றாள்.

இப்போது சொன்னால் இதையும் அல்லவா பிடுங்குகிறேன்? இப்படி ஒரு சாக்குக் கிடைத்ததில் எனக்குள் எங்கோ ஒரு நிம்மதி. அதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

எப்படியோ தைரியம் வந்து கேட்டுவிட்டேன். "டீச்சர், ஏசி எப்படி இருக்கு? ஏதாவது சத்தம் கித்தம்..."

"இப்ப ரெண்டு நாளா முன்பக்கம் கீச்சுன்னு ஒரு சத்தம் வருது. அதுவும் டிராஃபிக்ல நின்னா. பயப்படற மாதிரியா?"

பெல்ட். கம்ப்ரஸரைச் சுற்ற முடியாமல் பெல்ட் வழுக்குகிறது. "இன்னைக்கே கொண்டு வாங்க டீச்சர்" என்றேன். ரொம்ப வேகமாகச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார்.

"பேப்பர் கட்டு மலை மாதிரி இருக்குடி. சனிக்கிழமை வரேன்னு அப்பாகிட்ட சொல்லு."

அந்த இடத்தில் இன்னும் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. சனிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள். டீச்சர் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே எத்தனை சிக்னல்? மூன்று. மூன்றில் ஒன்று நீளமானது.

மார்ச் 11, செவ்வாய்

நடந்துவிட்டது.

யாரும் சாகவில்லை. யாரும் சாகவில்லை.

அந்த நீளமான சிக்னலில்தான். முதலில் ரப்பர் கருகிய நாற்றமாம். அப்புறம் பட்டாசு மாதிரி ஒரு சத்தம். கேஸ் போகிற ஹோஸ் வெடித்து, முன் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புகை. டீச்சர் தீ என்றுதான் நினைத்திருக்கிறார். இறங்கிப் பின் கதவுக்கு ஓடும்போது, வழிந்த எண்ணெயில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. பின் கதவு உள்ளேயிருந்து திறக்காமல் இருக்கக் குழந்தைப் பூட்டுப் போட்டிருந்ததாம். அந்தக் கையாலேயே திறந்து பெண்ணைத் தூக்கியிருக்கிறார். அது தீ இல்லை, கேஸும் எண்ணெயும்தான். அந்த நேரத்தில் அவருக்கு எப்படித் தெரியும்?

ஐந்து மணிக்கு இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துவந்தார்கள். அப்பா பானெட்டைத் திறந்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். டேப்பைப் பிரித்தார். நிமிர்ந்து சித்தப்பாவைப் பார்த்தார்.

"இது என்ன?"

சித்தப்பாவும் குனிந்து பார்த்தார். "நான் போடலண்ணே."

"அப்ப வயர் தானா நடந்து வந்து உக்காந்துச்சா?"

"அண்ணே, சத்தியமா நான் போடல."

"அன்னைக்கும் இதே வாய்தான் இதே சத்தியம் பண்ணுச்சு."

அம்மா நடுவில் புகுந்து, "சாவி பலகைலதாங்க இருந்துச்சு, அதான் எடுத்துக் குடுத்தேன்" என்றாள். அவளுக்குத் தன் மேல் பழி வந்துவிடுமோ என்று பயம். "அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் அப்பா. "டைரக்ட் வண்டிக்குள்ள, சாவி பலகையில. எவ்ளோ தைரியம்."

நான் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன். கீழிருந்து நாலாவது படி. நாலே படிதான்.

மார்ச் 12, புதன்

கணக்கு வகுப்புக்கு வேறு டீச்சர் வந்தார். ஜன்னலுக்குக் கீழே கார் நின்ற இடத்தில் பசங்கள் பந்து விளையாடினார்கள்.

அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்வதில்லை. ஸ்பேனர் வேண்டுமென்றால்கூட அப்பா எழுந்து போய்த் தானே எடுத்துக்கொள்கிறார்.

மார்ச் 13, வியாழன்

இதை எழுதாமலிருந்தால் நன்றாக இருக்கும். எழுதாவிட்டால் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?

மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா வந்தார். ஒரு சட்டையை எடுத்து மடித்தார், அது சரியாக மடியவில்லை, மறுபடி உதறினார்.

"மீட்டர், ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க சித்தப்பா."

"அந்த வண்டிய நீ தொட்டியா?"

"இல்ல."

யோசிக்கக்கூட இல்லை. அவர் கேட்டு முடிக்கும் முன்னே என் வாயில் 'இல்ல' தயாராக இருந்தது. அவர் என் முகத்தையே பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. பொய் சொல்லும்போது கண்ணை எடுக்கக் கூடாது என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அவர் திட்டுவார், இல்லை, நிம்மதியாகச் சிரிப்பார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. "அப்ப நான்தான்" என்றார், மெதுவாக, தனக்குத்தானே கணக்குச் சொல்வதுபோல. "எர்த் தேய்ச்சது ஞாபகம் இருக்கு. ரிலே மாத்தினது ஞாபகம் இருக்கு. அப்புறம் சித்தி சாப்பிடக் கூப்பிட்டா. அதுக்கு நடுவுல கை தன் போக்குல போட்டிருக்கும் போல. எனக்குத்தான் ஞாபகம் இல்ல."

சட்டையை மடிக்காமலே என் தோளில் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

மார்ச் 14, வெள்ளி

சித்தப்பா அப்பாவிடம் போய் ஒப்புக்கொண்டுவிட்டார். செய்யாத ஒன்றை. "நான்தாண்ணே போட்டிருக்கணும். மன்னிச்சிடுங்க."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல" என்றார் அப்பா. கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

அடுப்படியில் சித்தி அம்மாவிடம் மெல்லக் கேட்டாள். "முப்பத்தாறு வயசுல மறதி வருமாக்கா? நேத்து ராத்திரி எழுந்து எழுந்து அடுப்பு கேஸ் மூடியிருக்கான்னு பாக்கறாரு. பாத்துட்டு வந்து படுக்கறாரு, மறுபடி எழுந்து போறாரு. டாக்டர்கிட்ட காட்டலாம்னு இருக்கேன்." அவருடைய கூட்டாளி ஒருவர் குடோனில் மூட்டை கணக்கெடுக்கிற வேலை வாங்கித் தருகிறாராம். திங்களிலிருந்து போவார் போலிருக்கிறது. அங்கே கம்பி இல்லை, சுவிட்ச் இல்லை, மறந்தாலும் யாருக்கும் கை உடையாது என்று சித்தப்பாவே சொன்னாராம்.

சொல்லிவிடலாம் என்று எழுந்து கதவு வரை போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். தாழ்ப்பாளில் கை வைத்ததை எழுதுவதற்கா இந்த நோட்டு?

மார்ச் 15, சனி

சொல்லிவிட்டேன். இப்படிச் சொல்வேன் என்று நினைக்கவில்லை.

காலையில் புது ஹோஸ் மாட்டியிருந்தார்கள். கம்ப்ரஸர் தப்பித்துவிட்டது. ஆனால் முதலில் வந்த கோளாறு என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. கேஸ் முழுக்க வெளியே போய்விட்டதால் சுவிட்சில் இப்போது அளந்து ஒரு பயனும் இல்லை. அன்றைக்கு அது என்ன காட்டியது என்பது அளந்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

நான் அம்மா கொடுத்த தேநீரை எடுத்துக்கொண்டு ஷெட் வாசலில் நின்றேன். அப்பா காருக்கு அந்தப் பக்கம், சித்தப்பா இந்தப் பக்கம்.

"டைரக்ட் போடறதுக்கு முன்னாடி அளந்திருப்பல்ல. சுவிட்சுல எவ்ளோ இருந்துச்சு?"

சித்தப்பா ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஞாபகம் இல்லண்ணே."

"சரி. வண்டி ஓட்டத்துல இருந்துச்சா, அணைச்சு வெச்சிருந்தியா?"

"அதுவும்..." அவர் நெற்றியைத் தேய்த்தார். பரீட்சையில் தெரியாத கேள்விக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை மாதிரி தேய்த்தார். நிஜமாகவே தேடினார். தன் தலைக்குள் இல்லாத ஒன்றைத் தேடினார். "இருங்கண்ணே, வரும். ஒரு நிமிஷம் இருங்க."

"எஞ்சின் ஓடுச்சு" என்றேன். "ஒரு பக்கம் பதிமூணு புள்ளி எட்டு வோல்ட். இன்னொரு பக்கம் சைபர்."

தேநீர் தட்டில் தளும்பியது, அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நான் தோளைச் சுருக்கிக்கொண்டேன். அவர் கத்தவில்லை. அடுத்த கேள்வியைக் கேட்டார், ஒரு மெக்கானிக் இன்னொரு மெக்கானிக்கைக் கேட்பதுபோல.

"ஏசி போட்டு எவ்ளோ நேரத்துல விட்டுச்சு?"

"பத்து நிமிஷம்."

"நின்ன வண்டியா?"

"ஆமா."

"முன்னாடி ரெண்டு ஃபேனும் சுத்துச்சா?"

ஃபேன் சத்தம் கேட்டது, அதுவே போதும் என்றிருந்தேன். கேட்டது ஒரு ஃபேனின் சத்தமா, இரண்டினுடையதா? "பாக்கலப்பா" என்றேன். அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.

அப்பா பேட்டரியிலிருந்து இரண்டு வயர் எடுத்து இரண்டாவது ஃபேனுக்கு நேராகக் கொடுத்தார். அது சுற்றவில்லை. ஸ்க்ரூடிரைவர் பிடியால் மோட்டாரை ஒரு தட்டுத் தட்டினார். சுற்றியது. அணைத்துவிட்டு மறுபடி கொடுத்தார், சுற்றவில்லை. உள்ளே பிரஷ் தேய்ந்த மோட்டார். முன்பு சூடானால் மட்டும் நின்றது, இப்போது சூடாகாமலே நிற்கிறது. ஃபேன் நின்றால் நிற்கிற வண்டியில் கேஸ் ஆறுவதில்லை, அழுத்தம் ஏறும், சுவிட்ச் உடனே கம்ப்ரஸரை நிறுத்தும். நல்ல சுவிட்ச். தன் வேலையைச் சரியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஒரு பொருளை நான் பிடுங்கிப் போட்டிருக்கிறேன்.

"மேல போ" என்றார் அப்பா.

சித்தப்பா என்னிடம் ஒன்று மட்டும் கேட்டார். "மொட்டை மாடில கேட்டேனே."

கேட்டார்தான். நான் தலையை ஆட்டினேன். அவர் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார். ஏற்கனவே சுத்தமாக இருந்த கையை ரொம்ப நேரம் கழுவினார்.

சித்திக்கு விஷயம் தெரிந்ததும் படிக்கட்டிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டர் வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போனேண்டி அவர. மூணு நாளா அந்த மனுஷன் தன் மண்டைய தானே நம்பாம திரியறாரு. நீ பக்கத்துல உக்காந்து சோறு தின்ன." அம்மா எனக்காக ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியிருந்தால் இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

மார்ச் 17, திங்கள்

டீச்சர் கையில் மாவுக்கட்டோடு வந்தார். ஆசிரியர் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், பாதியில் எல்லாம் போய்விட்டது.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். "உள்ள இருந்து என் பொண்ணு கண்ணாடிய தட்டின சத்தம் இன்னும் கேக்குது எனக்கு" என்றார். பிறகு, "உங்க ஷெட்டுக்கு வந்துட்டுப் போன பிறகு அஞ்சு நாள் உனக்குப் பாடம் எடுத்திருக்கேன். அஞ்சு நாளும் முதல் பெஞ்சுலதான இருந்த."

"ஆமா டீச்சர்."

"உன்ன இப்ப திட்ட முடியல. பெல் அடிச்சாச்சு. போ."

காரை வேறெங்கும் கொண்டுபோகாமல் எங்கள் ஷெட்டிலேயே முடித்து எடுத்துக்கொண்டார். நானாகக் கேட்கவில்லை, அம்மாதான் சொன்னாள்.

சித்தப்பா குடோன் வேலைக்குப் போகவில்லை. அப்பா அவரைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசியிருக்கிறார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பி வந்தபோது அப்பாவின் கண்தான் சிவந்திருந்தது. என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "பரீட்சை முடிஞ்ச மறுநாள் பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பு. ரெண்டு மாசம்." சரிப்பா என்றேன்.

மார்ச் 23, ஞாயிறு

உண்மை தெரிந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். அது மறதி இல்லை என்று சித்தப்பாவுக்கு இப்போது தெரியும். ஆனாலும் ஷெட்டைப் பூட்டிவிட்டு நாலு அடி நடக்கிறார், திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிறார். தன் வீட்டு வாசல் வரை வந்து மறுபடி போகிறார். இன்று மூன்று தடவை. தெரு ஆட்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

மூன்றாவது தடவை நான் வாசலில் இருந்தேன். "பூட்டிட்டீங்க சித்தப்பா. நான் பார்த்தேன்."

நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு என்னைக் கடந்து போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

நியாயம்தான். என் பேச்சை எதற்கு நம்ப வேண்டும்?

மார்ச் 24, திங்கள்

இன்றும் சொன்னேன். இன்றும் போய் இழுத்துப் பார்த்தார்.

ஏப்ரல் 3, வியாழன்

கணக்குப் பரீட்சை. எங்கள் அறைக்கு டீச்சர்தான் வந்தார். என் விடைத்தாளில் இடது கையால் கையெழுத்துப் போட்டார், எழுத்து கோணலாக வந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார். முதல் கேள்வியை நாலு தடவை படித்தேன்.

தினமும் சாயங்காலம் ஷெட் பூட்டும் நேரத்துக்கு வாசலுக்குப் போய்விடுகிறேன். ஏதாவது சாக்கு இருக்கும், குப்பை கொட்ட, கோலிக்குண்டு மாதிரி உருண்ட உருளைக்கிழங்கைப் பொறுக்க. அவர் பூட்டுவதைப் பார்க்கிறேன். "பூட்டியாச்சு" என்கிறேன். அவர் பதில் சொல்வதில்லை. இப்போதெல்லாம் ஒரு தடவைதான் திரும்புகிறார்.

ஏப்ரல் 12, சனி

நேற்றோடு பரீட்சை முடிந்தது. இன்று போகவேண்டியவள், பஸ்ஸில் இடம் இல்லை. நாளை காலை ஏழு மணிக்கு. பையில் துணி வைத்தாகிவிட்டது. அம்மா இரண்டு தடவை எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி அடுக்கினாள்.

சாயங்காலம் பயணத்துக்குப் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கக் கீழே குழாயடிக்குப் போனேன். சித்தப்பா ஷட்டரை இறக்கிப் பூட்டினார். கையைத் துடைத்துக்கொண்டு என்னைத் தாண்டித் தன் வீட்டு வாசலுக்குப் போனார். செருப்பை ஒன்று கழற்றினார். மற்றதைக் கழற்றாமல் நின்றார். முதுகுதான் எனக்குத் தெரிந்தது.

சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவரே கேட்டுவிட்டார், திரும்பாமல்.

"பூட்டிட்டேனா?"

"பூட்டிட்டீங்க. ரெண்டு பக்கமும்."

பிறகு இரண்டாவது செருப்பையும் கழற்றி, காலால் சுவரோரம் தள்ளிவிட்டு உள்ளே போனார். உள்ளே சித்தியிடம் பசிக்கிறது என்று சொல்வது கேட்டது.

பாட்டில் நிரம்பி என் காலில் வழிந்துகொண்டிருந்தது.